பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளையின் கல்லூரிச் செலவு

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்றால் சங்கத்து வாசலில் நின்று பத்துப் பேரிடம் சொல்கிறோம். கணவன் மனைவி பிரிந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். சாத்திய கதவுக்குள் இன்டர் இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. அதற்கு அடுத்த ஜூன் மாதம் கல்லூரியில் கட்டணம் கட்ட வேண்டும். யார் கட்டுவது? உதவித்தொகை விண்ணப்பத்தில் யாருடைய வருமானத்தைக் காட்டுவது? வரிச் சலுகை யாருக்கு? இந்த மூன்று கேள்விகளையும் பிரிவின் போதே யாரும் கேட்பதில்லை. கல்லூரி கேட்கும்போதுதான் விழித்துக்கொள்கிறோம்.

சூளூர்பேட்டை, தடா, ஸ்ரீசிட்டி, நாயுடுபேட்டை பக்கங்களில் வேலை நிமித்தம் வந்து தங்கிய நம் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பா சென்னையில், அம்மா இங்கே என்று பிரிந்தால் பிள்ளை இரண்டு வீட்டுக்கு மட்டுமல்லாமல் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே இந்த விஷயத்தை ஒரு பாடம் போல வரிசையாகப் பார்ப்போம். யார் மேல் தப்பு என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் மனதில் இருத்த வேண்டியது இதுதான். "இந்தப் பிள்ளை யாருடையது?" என்ற ஒரே கேள்வியை மூன்று இடங்களில் கேட்கிறார்கள்: கோர்ட், வருமான வரி அலுவலகம், உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம். மூவரும் வெவ்வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ரயில்வேயில் அகலப் பாதைக்குரிய அளவுகோலை மீட்டர் பாதையில் வைத்துப் பார்த்து "தண்டவாளம் தப்பு" என்று எழுத முடியாது. அதுபோல ஓர் அலுவலகம் சொன்ன பதிலை இன்னொரு அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டினால் செல்லாது.

1. கோர்ட்டின் அளவுகோல்

குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்க எல்லா மதத்தினருக்கும் பொதுவாக இருந்த வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆம் பிரிவாக இருக்கிறது. இந்த வழியில், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பிள்ளையைத் தவிர மற்றவர்களுக்கு 18 வயதோடு உரிமை முடிகிறது. கல்லூரி தொடங்குவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். பள்ளிக்கூடச் செலவுக்குச் சட்டம் துணை நிற்கிறது. அதைவிடப் பல மடங்கு செலவு வரும் நேரத்தில் அந்தத் துணை விலகிவிடுகிறது. இந்தப் பாடத்தின் மையமே இந்த இடம்தான்.

மகளுக்கு மட்டும் இந்துக்களிடையே கூடுதல் பாதுகாப்பு உண்டு. 1956 ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20 ஆம் பிரிவின்படி, தன் சம்பாத்தியத்தால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத மணமாகாத மகள் 18 வயதுக்குப் பிறகும் பெற்றோரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். அந்தச் சட்டத்தில் ஜீவனாம்சம் என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவத்தோடு கல்வியும் சேர்ந்ததே. 2020 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்த உரிமையை உறுதி செய்தது. ஆனால் 125 ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் கேட்க முடியாது, 20 ஆம் பிரிவின் கீழ் தனியாக வழக்குப் போட வேண்டும் என்றும் சொன்னது.

மகன் விஷயத்தில் சட்டப் புத்தகம் இவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் 2021 இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மகனுக்கு 18 வயது ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் படிப்புச் செலவு முழுவதையும் தாயின் தலையில் ஏற்ற முடியாது என்று கூறி, மகன் பட்டப்படிப்பு முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னது.

2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஜீவனாம்ச வழக்குகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான வழிமுறை வகுத்தது. இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். குழந்தைகளின் படிப்புச் செலவை சாதாரணமாகத் தந்தை ஏற்க வேண்டும். தாயும் போதிய அளவு சம்பாதித்தால் வருமான விகிதப்படி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

2025 ஜனவரியில் வந்த இன்னொரு உத்தரவும் நாம் தெரிந்துகொள்ளத்தக்கது. 26 வருஷம் பிரிந்து வாழ்ந்த ஒரு தம்பதியின் மகள் அயர்லாந்தில் படித்துவந்தாள். அப்பா அவள் படிப்புக்காகக் கொடுத்த 43 லட்சம் ரூபாயை அந்தப் பெண் தன் தன்மானம் கருதி வைத்துக்கொள்ள மறுத்தாள். பெற்றோரிடமிருந்து படிப்புச் செலவைப் பெறுவது மகளுக்குச் சட்டப்படியான உரிமை, அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. அப்பா கொடுக்கும் கல்லூரிப் பணத்தை யாசகமாக நினைத்துக் கூசும் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

2. வருமான வரி அலுவலகத்தின் அளவுகோல்

அமெரிக்காவில் போல "என்னைச் சார்ந்தவர்" என்று பிள்ளையைக் காட்டி வரி குறைக்கும் முறை நம் நாட்டு வருமான வரியில் இல்லை. இங்கே பிள்ளை மூன்று வழிகளில் கணக்குக்குள் வருகிறது. (1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2026 ஏப்ரல் 1 என்ற தேதியோடு 2025 ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. எண்கள் மாறினாலும் சாரம் தொடர்வதால் நமக்குப் பழகிய பழைய எண்களையே தருகிறேன்.)

அ) பிள்ளையின் பெயரில் வரும் வருமானம். 18 வயது ஆகாத பிள்ளையின் பெயரில் உள்ள டெபாசிட் வட்டி போன்றவை 64(1ஏ) பிரிவின்படி பெற்றோர் வருமானத்தோடு சேரும். 1992 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி இது. திருமண உறவு நீடித்தால், பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேர வேண்டும். திருமணம் முறிந்திருந்தால், அந்த ஆண்டில் பிள்ளையைப் பராமரிப்பவர் கணக்கில் சேர வேண்டும். ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது இதில் சேராது. 18 வயது நிறைந்தபின் பிள்ளையின் வருமானம் பிள்ளைக்கே.

ஆ) கல்விக் கட்டணம். 80சி பிரிவின்படி, இந்தியாவில் உள்ள பள்ளி அல்லது கல்லூரியில் முழுநேரப் படிப்புக்குக் கட்டிய டியூஷன் கட்டணத்துக்கு, ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை கழிவு உண்டு. பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து மொத்த வரம்பு 1,50,000 ரூபாய். ஹாஸ்டல், பஸ், நன்கொடை ஆகியவை சேரா. பிள்ளை யாரோடு இருக்கிறது என்று இங்கே கேட்பதில்லை, யார் பணம் கட்டினார் என்றுதான் கேட்கிறார்கள். அப்பா பாதி, அம்மா பாதி கட்டினால் அவரவர் கட்டியதை அவரவர் காட்டலாம். ஒரே ரசீதை இருவரும் காட்டக் கூடாது.

இ) கல்விக் கடன் வட்டி. 80இ பிரிவின்படி, தான் வாங்கிய உயர்கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. உச்சவரம்பு கிடையாது. கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கட்டினால்தான் பயன்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: 80சி, 80இ இரண்டும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டுமே. 2023-24 முதல், நாம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறை தானாகப் பொருந்திவிடுகிறது. ஆகவே கட்டணம் யார் கட்டுவது என்று தீர்மானிக்கும் முன், யார் பழைய முறையில் இருக்கிறார் என்று பார்ப்பது புத்திசாலித்தனம். முன்னாள் மனைவிக்குக் கொடுக்கும் ஜீவனாம்சத்துக்கு வரிக் கழிவு கிடையாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

3. உதவித்தொகை அலுவலகத்தின் அளவுகோல்

இங்கே கேட்பது "குடும்ப வருமானம்". ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கோடு உண்டு. ஆந்திராவில் 2020 இல் தொடங்கிய ஜகனன்ன வித்யா தீவெனா திட்டத்தில் அது ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். அந்தப் பணம் தாயின் பாங்குக் கணக்குக்குப் போனது. 2024 இல் ஆட்சி மாறியபின் கட்டணத்தைக் கல்லூரிக்கே செலுத்தும் முறைக்குத் திரும்பினார்கள். மத்திய அரசின் கல்லூரி மாணவர் ஸ்காலர்ஷிப்புக்கு 4,50,000 ரூபாய். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், 8 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. ஐ.ஐ.டி.களில் 2016 முதல், குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் டியூஷன் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

பிரிந்த குடும்பத்துக்கு இங்கேதான் பெரிய இடர்ப்பாடு. பலர் கோர்ட்டுக்குப் போகாமலே பத்து வருஷம் தனித்தனியாக வாழ்கிறார்கள். "ஊர் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்துவிட்டோம்" என்கிறார்கள். ஆனால் டிக்ரி இல்லாதவரை காகிதத்தில் அது ஒரே குடும்பம். ரேஷன் கார்டில் இருவர் பெயரும் இருக்கும். 2019 இல் தொடங்கிய கிராம, வார்டு சச்சிவாலயப் பதிவிலும் ஒரே வீடாக இருக்கலாம். அப்போது, கண்ணில் பார்க்காத அப்பாவின் சம்பளமும் சேர்ந்து கோட்டைத் தாண்டிவிடும். தாசில்தாரிடம் அழுது பயனில்லை. அவர் பதிவைத்தான் பார்ப்பார்.

ஆகவே டிக்ரி கையில் வந்தவுடன் செய்ய வேண்டியவை: ரேஷன் கார்டையும் வீட்டுப் பதிவையும் பிரித்தல், பிள்ளை யாரோடு இருக்கிறது என்று காட்டும் கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகல் நான்கைந்து வாங்கிவைத்தல், அதன் அடிப்படையில் புதிய வருமானச் சான்று பெறுதல். மாதாமாதம் வரும் ஜீவனாம்சத்தை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். பின்னால் தெரிந்தால் வாங்கிய உதவியைத் திருப்பிக் கேட்பார்கள். பிள்ளையின் பெயரும் கெடும்.

பான் கார்டு விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2018 டிசம்பர் 5 முதல், தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளை பான் விண்ணப்பத்தில் தந்தை பெயர் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

4. எல்லை ஊருக்குரிய எச்சரிக்கை

சூளூர்பேட்டையிலிருந்து சென்னை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். லோக்கல் வண்டியிலேயே போய்வரலாம். ஆனால் கல்லூரி இடத்துக்கு இரண்டும் வேறு உலகம். ஆந்திராவில் உள்ளூர் மாணவர் என்ற தகுதி, இப்பகுதியில் தொடர்ந்து நான்கு கல்வியாண்டுகள் படித்ததை வைத்து வருகிறது. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் 8 முதல் 12 வரை அங்கேயே படித்திருந்தால் நேட்டிவிட்டி சான்று தேவையில்லை, இல்லாவிட்டால் தேவை. 2022 இல் தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அங்கே அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்காக வந்தது.

பிரிவுக்குப் பின் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை அம்மா வீட்டுக்கும், இன்டருக்கு அப்பா வீட்டுக்கும் மாற்றினால், பிள்ளை இரண்டு பக்கமும் உள்ளூர்க்காரன் ஆகாமல் போகக்கூடும். வீடு மாற்றும் முன் வகுப்பை எண்ணிப் பாருங்கள்.

5. ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தாய்க்கு சூளூர்பேட்டையில் தனியார் பள்ளியில் ஆண்டுக்கு 1,90,000 ரூபாய் சம்பளம். தந்தைக்கு அம்பத்தூரில் 9,00,000. 17 வயது மகள் தாயோடு இருக்கிறாள். தாத்தா அவள் பெயரில் போட்ட டெபாசிட்டுக்கு ஆண்டு வட்டி 40,000. தந்தை கட்டும் கல்லூரிக் கட்டணம் 60,000.

டிக்ரி இல்லை என்றால்: வட்டியில் 38,500 ரூபாய் அதிக வருமானம் உள்ள தந்தை கணக்கில் சேரும். குடும்ப வருமானம் தாய் தந்தை சம்பளம் மட்டுமே 10,90,000. மேலே சொன்ன எந்த உதவியும் கிடைக்காது.

டிக்ரி உண்டு, பராமரிப்பவர் தாய் என்று எழுதியும் இருக்கிறது என்றால்: அதே 38,500 தாய் கணக்குக்கு வரும். அவர் மொத்தம் 2,28,500. வரி வரம்புக்கே வராது. உதவித்தொகைக்குத் தாயின் வருமானத்தோடு, மகளுக்காக வரும் ஜீவனாம்சத்தையும் எழுதிக் காட்டி விண்ணப்பிக்கலாம். கட்டணத்தைக் கட்டிய தந்தை, பழைய வரி முறையில் இருந்தால் 60,000 ரூபாயை 80சி-யில் காட்டலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே வீடு, ஒரே பிள்ளை, ஒரே பணம். ஒரு காகிதம் இருப்பதிலும் இல்லாததிலும் இவ்வளவு வித்தியாசம்.

6. அமெரிக்காவில் உள்ள நம் பிள்ளைகளுக்கு

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே குடும்பமாக இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் இரண்டு அளவுகோல்கள்.

வரிக்கு: ஆண்டில் அதிக இரவுகள் பிள்ளை யார் வீட்டில் தங்கியதோ அவரே சார்ந்தவர் என்று காட்டும் உரிமை உள்ளவர். இரவுகள் சமமானால் அதிக வருமானம் உள்ளவர். படிவம் 8332-ல் கையெழுத்திட்டு அந்த உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆண்டுக்கு 2,500 டாலர் வரையான கல்லூரி வரிச் சலுகையும் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டுபவர் பக்கமே போகும்.

உதவிக்கு: ஃபாஃப்ஸா என்ற மத்திய விண்ணப்பம். 2023-24 வரை பிள்ளை அதிக நாள் யாரோடு இருந்ததோ அந்தப் பெற்றோர் விவரம் கேட்டார்கள். 2024-25 முதல், முந்தைய 12 மாதங்களில் அதிகப் பண ஆதரவு கொடுத்தவர் விவரம் கேட்கிறார்கள். சமமானால், வருமானமும் சொத்தும் அதிகம் உள்ளவர். வரியில் யார் காட்டினார் என்பது இங்கே பொருட்டில்லை. அவர் மறுமணம் செய்திருந்தால் புதிய துணைவரின் வருமானமும் சேரும். கோர்ட் டிக்ரி இல்லாமல் தனித்தனி வீட்டில் பிரிந்து வாழ்ந்தாலும் அங்கே பிரிந்தவர்கள்தான். நம் நாட்டு நிலைக்கு நேர் மாறு. பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைலில் மற்றப் பெற்றோர் விவரமும் கேட்பதுண்டு. ஃபாஃப்ஸா வழி உதவி, குடியுரிமை அல்லது கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ள பிள்ளைக்கு மட்டும். எச்-4 விசாவில் உள்ள பிள்ளைக்கு இல்லை.

7. சமரசப் பத்திரத்தில் எழுத வேண்டியவை

பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருவரும் கையெழுத்திடும் பத்திரத்தில் நகை, பாத்திரம் வரை எழுதுகிறார்கள். கல்லூரி என்ற சொல் இருக்காது. வக்கீலிடம் இந்த எட்டையும் கேளுங்கள்:

(1) படிப்புச் செலவு 18 வயது வரை என்று நிறுத்தாமல், முதல் பட்டம் முடியும் வரை என்று எழுதுதல்.
(2) டியூஷன், ஹாஸ்டல், புத்தகம், நுழைவுத் தேர்வுக் கோச்சிங் ஒவ்வொன்றிலும் யார் எத்தனை பங்கு.
(3) பணத்தை எந்தத் தேதிக்குள், யார் கணக்கில் கட்டுவது. நேரே கல்லூரிக் கணக்கில் கட்டுவது வம்பில்லாதது.
(4) பிள்ளை யாரோடு வசிக்கிறது, யார் பராமரிப்பவர் என்று தெளிவாக ஒரு வரி.
(5) ஸ்காலர்ஷிப்புக்கு வேண்டிய வருமானக் காகிதங்களை மற்றவர் 15 நாளில் கொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு.
(6) கல்விக் கடனில் யார் சேர்ந்து கையெழுத்திடுவது, யார் வட்டி கட்டுவது.
(7) வரிக் கழிவை யார் காட்டுவது.
(8) பிள்ளையின் பெயரில் உள்ள டெபாசிட்டைப் படிப்பு தவிர வேறெதற்கும் தொடக் கூடாது என்ற உறுதி.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எந்தத் தாயும் தயங்க வேண்டாம். 1987 ஆம் ஆண்டு சட்ட சேவைகள் அதிகாரச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள சட்ட சேவைக் குழுவில் கேட்கலாம்; 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். ஏற்கனவே டிக்ரி வாங்கிவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. சூழ்நிலை மாறினால் ஜீவனாம்ச உத்தரவை மாற்றக் கேட்கலாம். பிள்ளைக்கு 18 ஆவதற்கு ஒரு வருஷம் முன்பே கேட்பது நல்லது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா என்று இருக்கும் நாம் இரண்டு தரப்பிலும் நின்று சண்டையை வளர்க்காமல், "பிள்ளையின் வருமானச் சான்று ஆயிற்றா? கட்டணத் தேதி எப்போது?" என்று இரண்டு கேள்வி கேட்டாலே போதும். கணவன் மனைவி உறவை டிக்ரி முடிக்கலாம். தாய் தந்தை உறவை எந்த டிக்ரியும் முடிப்பதில்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.